தேவையா சார் செய்த கடைசி ஆள்குறைப்பு

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் புழங்காத அந்தப் பெயர், பிரிக்காத புதுச் சட்டைபோல, பணி ஓய்வு பெறும் நாள்வரை கசங்காமல் இருந்தது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வாசற்காவலர் முதல் பெரிய மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் தேவையா சார். முகத்துக்கு நேரே 'சார்'. முதுகுக்குப் பின்னால் வெறும் 'தேவையா'.

காரணம் இருந்தது. யார் தேவை, யார் தேவையில்லை என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் உத்தியோகம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவருடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். நிற்பது தெரியாது, கழுத்துக்குப் பின்னால் காற்று மட்டும் கொஞ்சம் கனக்கும். பிறகு மெதுவாக, மகனுக்குப் பெண் பார்க்க வந்தவர்போல அக்கறையாகக் கேட்பார்: "இந்த வேலை தேவையா?" அவர் காலணிச் சத்தம் கேட்டால் சும்மா இருந்தவர்கள் ஃபைலைக் கையில் எடுப்பார்கள். ஏற்கெனவே ஃபைலைக் கையில் வைத்திருந்தவர்கள் பதற்றத்தில் கீழே போடுவார்கள். ஆக, அவர் கண்ணில் பட்டதெல்லாம் கீழே போட்டவர்களே. அவர்களே வீட்டுக்குப் போனார்கள்.

போகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "சார், நான் இல்லைன்னா இந்த செக்‌ஷனே நின்னுடும்."

"எங்க, நிக்கட்டும், பாக்கலாம்" என்பார் அவர்.

எதுவும் நின்றதில்லை. எண்ணெய்க் கேனோடு மெஷின்களைச் சுற்றிவந்த ஒருவரை அனுப்பிய பிறகு மட்டும், வெட்டும் மெஷின்கள் பன்றி கத்துவதுபோலக் கத்தத் தொடங்கின. 'சத்தம் உற்பத்தியைக் குறைப்பதாகத் தெரியவில்லை' என்று எழுதி அந்த விவகாரத்தையும் மூடினார். அந்தப் பிரிவில் இன்றைக்கும் எல்லோரும் கை ஜாடையில்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

ஆட்களைச் சேர்க்கச் சொல்லி வருகிறவர்களுக்கும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: "எழுதிக் குடுங்க, பாக்கலாம்." எழுதிக் கொடுத்தார்கள். அவர் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

இப்படிப்பட்ட ஒருவர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்துவிட்டால் என்ன ஆகும்? தொழிற்சாலை பிழைத்தது. வீடு மாட்டிக்கொண்டது.

முதல் பலி அழைப்பு மணி. "வர்றவங்களுக்குக் கை இல்லையா? தட்டட்டும். வாசல்ல யாரோ வந்திருக்காங்கன்னு சொல்றதுக்கு ஒரு மெஷினா?" ஸ்டூல் போட்டு ஏறி வயரைக் கழற்றினார். அடுத்து, தெருமுனையில் நான்கு வண்டிகூடச் சேர்ந்து வராத சந்திப்பில் நின்றுகொண்டிருந்த சிக்னல் விளக்கு. அதைக் கழற்ற ஸ்டூல் போதாது என்பதால் நகராட்சிக்கு மனு போட்டார். நகராட்சியில் யார் இருந்தார்களோ, அவர்களும் 'எழுதிக் குடுங்க, பாக்கலாம்' ரகம்போலிருக்கிறது. விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

அவர் மனைவி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் சகிப்புத்தன்மை அல்ல. அந்த அம்மாளுக்கு வேலை இருந்தது. வீட்டின் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுவது அவர் தொழில். படம் எங்கே, எழுத்து எங்கே, எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பக்கம் பக்கமாக அமைத்து அச்சகத்துக்குக் கொடுப்பார். சமையல் புத்தகம், சட்டப் புத்தகம், யோகாசனப் புத்தகம் எல்லாம் அந்த அறையிலிருந்துதான் எழுந்து போயின. எதிலும் அவர் பெயர் இல்லை. இடையிலிருந்த ஒரு நிறுவனத்தின் பெயரே இருந்தது. இப்போதுதான் ஒரு பதிப்பாளர் பெண்மணி நேரடியாக வேலை கொடுத்திருந்தார். பிள்ளைகளுக்கான பூச்சிகள் புத்தகம். ஏற்கெனவே வந்ததுதான்; முழுக்கப் புதிதாக அமைக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'பக்க வடிவமைப்பு' என்று போட்டு, எதிரே அந்த அம்மாளின் முழுப்பெயர்.

அந்த ஒரு வரிக்கு எழுத்துரு தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் வண்டுகள் பகுதி முழுவதையும் முடித்திருக்கலாம். கணவர் ஒருநாள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கழுத்தில் காற்று கனத்தது. கேட்டுவிடப் போகிறார் என்று அம்மாள் திரும்பாமலே காத்திருந்தார்.

"பேரு கொஞ்சம் சின்னதா இருக்கே" என்றார் அவர்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் அவர் செய்த காரியத்தைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அன்பில்தான் செய்தார். அதனால்தான் சேதம் அவ்வளவு பெரிதாக இருந்தது.

பக்கங்களை ஒப்படைக்க வேண்டிய நாள். வேலை முடிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாள், மூக்கில் நிற்காத கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வரக் கடைக்குக் கிளம்பினார். போகிறபோக்கில், "இந்தக் கம்ப்யூட்டர் வேற ஆமை மாதிரி நகருது. வந்து கடைசியா ஒரு தடவை பாத்து அனுப்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆமை மாதிரி நகர்கிற ஒரு நிர்வாகம். தேவையா சாரின் ரத்தத்தில் பழைய சூடு ஏறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் அதையும் விசாரித்தவர் அவர். எதை எங்கே திறப்பது என்று தெரியும். தேடிப் போனதில் ஓர் அறை திறந்தது. உள்ளே, வரிசையாக, திரைக்கு அடங்காமல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது ஊழியர் கூட்டம். சேவைகள் என்று தலைப்பு. ஒவ்வொருவருக்கும் பெயர், என்ன வேலை என்று இரண்டு வரி, 'இயங்குகிறது' என்று வருகைப் பதிவு.

இத்தனை பேரா! வீட்டில் இருப்பது இரண்டு பேர். எழுதுவது ஒரு விசைப்பலகை. இதற்கு இவ்வளவு பெரிய செக்‌ஷனா?

தேவையா சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டினால் சுட்டியைப் பிடிக்க முடியாது என்பது உறைத்து, ஒரு கையை மட்டும் விடுவித்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

ஒருவர் பிரிண்டருக்குக் காகிதங்களை வரிசைப்படுத்துகிறவராம். பிரிண்டரே இருக்கும்போது பிரிண்டருக்கு உதவியாளர் எதற்கு? நிறுத்தினார். ஒருவர் ஏதாவது செருகப்பட்டால் கவனித்துச் சொல்கிறவர். செருகுகிறவருக்குத் தெரியாதா செருகியது? நிறுத்தினார். இன்னொருவர் கருப்பொருள்களை, அதாவது திரையின் நிறத்தையும் அலங்காரத்தையும், பராமரிக்கிறவர். அவரை எதற்கென்று கேட்கக்கூட இல்லை. நடுநாயகமாக ஒருவர் இருந்தார்: ரிமோட் ப்ரொசீஜர் கால் என்று நீட்டி முழக்கும் பெயர். அவர் குறிப்பில் எழுதியிருந்தது: 'இந்தச் சேவையை நிறுத்தினால் இதை நம்பியுள்ள மற்ற சேவைகள் இயங்க மாட்டா.'

தேவையா சாருக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை வருடமாகக் கேட்ட வசனம்! ஆள்தான் மாறுகிறான், பாட்டு மாறவில்லை. அவரை நிறுத்துகிற பொத்தான் மட்டும் அழுத்த முடியாதபடி மங்கலாக இருந்தது. பூட்டி வைத்தால் விட்டுவிடுகிற ஆளா அவர்? இன்னொரு வழியாகப் போய், கம்ப்யூட்டரின் ஆழத்தில் அவருக்கென்று குறித்திருந்த எண்ணையே மாற்றினார்.

"எங்க, நிக்கட்டும், பாக்கலாம்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு விறுவிறுவென்று நடந்தது. போகிறபோக்கில், பழைய நிலைகளின் நகல் என்று தூசு படிந்து கிடந்த ஒரு குவியலையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற காரணத்தால் அழித்தார். எழுந்து கைகளைத் தட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார்.

நின்றது.

முழுக்க நிற்கவில்லை. கறுப்புத் திரை வந்தது. அதன்மேல் ஒரு வெள்ளை அம்புக்குறி மட்டும் வந்தது. சுட்டியை அசைத்தால் அதுவும் அசைந்தது. பூட்டிய தொழிற்சாலைக்குள் தனியாக மாட்டிக்கொண்ட காவலாளிபோல இங்கும் அங்கும் நடந்தது. வேறு ஒரு ஆள் இல்லை.

அம்மாள் புதுத் திருகு போட்ட கண்ணாடியோடு உள்ளே நுழைந்தபோது கணவர் அம்புக்குறியை நடக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்ணீங்க?"

"ஆள்குறைப்பு."

"எங்க?"

அவர் திரையைக் காட்டினார். அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"போன வாரம் ஒரு காப்பி எடுத்து வெச்சேன்" என்றார் அம்மாள், தனக்குத்தானே. "அதுல பாதிப் பூச்சிக்குக் கால் கிடையாது."

சரியாக அப்போது பதிப்பாளர் போன் செய்தார். "அக்கா, சாயங்காலம் அச்சகத்து ஆள் வந்து பென் டிரைவை வாங்கிக்குவார். தயவுசெஞ்சு தவறிடாதீங்க. இன்னிக்கு மெஷின்ல ஏத்தலைன்னா வேற வேலை ஏறிடும். பள்ளிக்கூடம் திறக்குதே, நான் பழைய பதிப்பையே அடிச்சுக் குடுக்க வேண்டியதுதான்."

பழைய பதிப்பு என்றால் பழைய வடிவமைப்பு. அதன் கடைசிப் பக்கத்தில் வேறொருவர் பெயர்.

"வரச் சொல்லும்மா" என்றார் அம்மாள். குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "ரெடியா இருக்கும்."

போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். "ரெடியா இருக்கும்னு சொல்லிட்டேன். இப்ப சொல்லுங்க, யார் யாரை வீட்டுக்கு அனுப்பினீங்க?"

"எல்லார் பேரும் ஞாபகம் இருக்கு" என்றார் தேவையா சார், கொஞ்சம் கம்பீரமாகவே. தான் அனுப்பிய ஒருவர் பெயரைக்கூட அவர் மறந்ததில்லை. மனச்சாட்சி என்று சிலர் இதைச் சொல்வார்கள். அவர் அதைத் தொழில் நேர்த்தி என்றே சொல்லிவந்தார்.

வேலை தொடங்கியது. அம்மாள் கையில் போன். படித்துச் சொல்வது அவர். விசைப்பலகையில் கணவர். முதலில் கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குத் திருப்பும் வழியைப் பிடித்தார்கள். அப்படி எந்தப் பழைய நிலையும் இல்லை என்றது இயந்திரம்.

"அதை நான்தான் அழிச்சேன். யாரும் திரும்பிப் பாக்கறதில்லையேன்னு..."

"இப்ப பாக்கறோம் இல்ல?"

"இப்ப பாக்கறோம்" என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்து, கம்ப்யூட்டர் விழிக்கும்போதே ஒரு விசையை அழுத்திப் பிடித்து, சேஃப் மோட் என்ற ஆபத்துக் கால வாசல் வழியாக உள்ளே போனார்கள். எழுத்தெல்லாம் தடித்தடியாக, நிறங்கள் வெளிறி, ஜுரத்தில் எழுந்து உட்கார்ந்ததுபோல ஒரு திரை வந்தது. வந்ததே போதும். சேவைகள் அறையைத் தட்டினார். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார். அந்த அறையைத் திறந்துவிடுகிறவரும் வீட்டுக்குப் போனவர்களில் ஒருவர்.

"ஆள் எடுக்கிற ஆபீசையே மூடிட்டீங்களா?" என்றார் அம்மாள். "நீங்க ரிட்டயர் ஆனப்ப அங்க ஏன் ஸ்வீட் குடுத்தாங்கன்னு இப்பத்தான் புரியுது."

"ஆழத்துல ஒரு இடம் இருக்கு. அதுவழியாத்தான் ஒருத்தனை அனுப்பினேன். அதுவழியாவே கூப்பிடலாம்."

அம்மாள் போனில் தேடிப் படித்தார். "இருங்க, இருங்க. அங்க கை தவறினா மொத்தக் கம்ப்யூட்டரும் போயிடும்னு போட்டிருக்கான்."

"இவனுங்க எப்பவும் இப்படித்தான் மிரட்டு..."

வாக்கியம் பாதியில் நின்றது. தேவையா சார் அந்த வெளிறிய திரையைப் பார்த்தார். இப்படி ஓர் எச்சரிக்கையைத்தான் மதியமும் படித்திருந்தார், இதே நாற்காலியில்.

"மிரட்டல, சொல்றான்" என்றார். "முதல்ல அந்த இடத்தை அப்படியே ஒரு நகல் எடுத்து வெச்சுப்போம்."

நாற்பது வருட மணவாழ்க்கையில் கேட்காத ஒன்றைக் கேட்டதுபோல அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, எப்படி நகல் எடுப்பது என்று படித்துச் சொன்னார்.

உள்ளே ஒவ்வொரு ஊழியருக்கும் ஓர் எண் இருந்தது. இரண்டு என்றால் தானாக வேலைக்கு வருகிறவர். மூன்று என்றால் கூப்பிட்டால் வருகிறவர். நான்கு என்றால் வரவே கூடாது என்று சொல்லப்பட்டவர். எங்கு பார்த்தாலும் நான்கு. ஒரு மதியத்தில் அவர் எழுதிய நான்குகள்.

"எல்லாத்தையும் மளமளன்னு மாத்திடுங்க" என்றார் அம்மாள்.

"கூடாது" என்றார் அவர். அதில் மட்டும் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது. "கதவடைப்பு முடிஞ்சு ஃபேக்டரியைத் திறந்தப்ப என்ன ஆச்சு தெரியுமா? மேனேஜர் பெரிய பெரிய ஆளா பாத்துக் கூப்பிட்டாரு. எல்லாரும் டை கட்டிட்டு கேட்டுக்கு வெளிய நிக்கறாங்க. சாவிக்காரனைக் கூப்பிடவே இல்ல. அப்புறம் என்கிட்ட விட்டாங்க. நான்தான் வரிசை போட்டேன்: சாவி, கரண்ட், தண்ணி, அப்புறம்தான் மத்தவங்க. கூப்பிடறதுக்கும் ஒரு முறை இருக்கும்மா."

அனுப்பத் தெரிந்தவருக்கு அழைக்கவும் தெரியும் என்பது யாரும் எதிர்பாராத தகவல். ஒவ்வொரு ஊழியரின் கீழும் அவர் யாரை நம்பி இருக்கிறார் என்று ஒரு வரி இருந்தது. மதியம் அந்த வரியை அவர் சட்டை செய்யவில்லை. சிபாரிசுக் கடிதம் என்று நினைத்தார். இப்போது விரலை வைத்துப் படித்தார். பிரிண்டர்காரர் யாரை நம்பி? அந்த நீட்டி முழக்கும் பெயர்க்காரரை. ஒலிக்காரர்? அவரைத்தான். இணையத்துக்காரர்? சுற்றிச் சுற்றி அவரிடமே வந்து நின்றார்.

"சாவிக்காரன் அகப்பட்டான்" என்றார் தேவையா சார். "அத்தனை பேரும் இவனுக்காக வாசல்ல நிக்கறாங்க."

நான்கை அழித்தார். இரண்டைப் போட்டார். யாரையோ திரும்ப வேலைக்கு எடுத்த உத்தரவில் கையெழுத்திடுவதுபோல, அழுத்தி. பிறகு அணைத்து, மறுபடி போட்டார்.

கறுப்பு. அம்புக்குறி. அப்புறம் ஓரத்தில் ஏதோ மின்னி, நீலம் பரவி, அம்மாள் வைத்திருந்த வெட்டுக்கிளிப் படம் திரை முழுக்க வந்து உட்கார்ந்தது.

"கால் இருக்கா பாருங்க" என்றார் அம்மாள். அன்று முதன்முறையாகக் குரல் கொஞ்சம் ஆடியது.

புத்தகத்தைத் திறந்தார்கள். எல்லாப் பூச்சிக்கும் எல்லாக் காலும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் பெயரும் இருந்தது. அம்மாள் பென் டிரைவை எடுத்துச் செருகினார். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. எடுத்து ஊதிச் செருகினார். ஊஹூம்.

"அது..." என்று இழுத்தார் கணவர். "ஏதாவது வந்து செருகினா கவனிச்சுச் சொல்ற ஆள் ஒருத்தன் இருந்தான்."

"இருந்தானா?"

"இருப்பான். இதோ."

இப்போது சேவைகள் அறை மரியாதையாகத் திறந்தது. அந்த ஆளைத் திரும்ப அழைத்தார். டிங் என்று ஒரு சத்தம் வந்தது. பென் டிரைவ் கண்ணுக்குத் தெரிந்தது. பூச்சிகள் ஒவ்வொன்றாக உள்ளே ஊர்ந்து போகத் தொடங்கின. அவை முழுவதும் போய்ச் சேர்ந்த நேரத்தில் போன் அடித்தது.

"அக்கா, எங்க இருக்கீங்க?" பதிப்பாளர் அழாத குறையாகப் பேசினார். "நம்ம ஆள் வாசல்ல நின்னு பெல்லை அடி அடின்னு அடிச்சிருக்கார். யாரும் வரலைன்னு வண்டியை எடுத்துட்டாராம்."

அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் உத்தரத்தில் தொங்கிய வயரைப் பார்த்தார். அடுத்த கணம், பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் மனைவியின் செருப்புமாகத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

தேவையில்லாத அசைவுகளைக் குறைப்பதிலேயே ஆயுளைக் கழித்த அந்த உடம்பு அப்படி ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை. தூரத்தில், அச்சகத்தின் பெயர் எழுதிய பையை மாட்டிய மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. முனையைத் தாண்டிவிட்டால் பெரிய சாலை. அதன்பின் பிடிக்க முடியாது. அப்போது, எதிரே ஒரு வண்டியும் இல்லாத அந்தச் சந்திப்பில், எவர் மனுவையும் பொருட்படுத்தாத அந்த விளக்கு நிதானமாகச் சிவப்புக்கு மாறியது.

மோட்டார் சைக்கிள் நின்றது. அச்சகத்து ஆள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்.

"தம்பி!" என்று பையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார் தேவையா சார். "பூச்சி. இந்தாங்க, பூச்சி."

அச்சகத்து ஆள் தன் சட்டையைப் பதறித் தட்டிவிட்டு, பிறகு பென் டிரைவைப் பார்த்தார். "நீங்கதானா? கை வலிக்கப் பெல் அடிச்சேனே சார்!"

"அதை வேலையிலேர்ந்து எடுத்துட்டோம்."

"பெல்லையா?"

"நாளைக்குத் திரும்பச் சேர்ந்துடும்."

விளக்கு பச்சைக்கு மாறியது. தேவையா சார் அதை அண்ணாந்து பார்த்து, தொழிற்சாலையில் மேலாளருக்கு மட்டும் செய்வதுபோல லேசாகத் தலையை அசைத்துவிட்டுத் திரும்பினார்.

நாளை வரை காத்திருக்கவில்லை. வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி வயரை முடுக்கி, வெளியே போய் நின்று அழுத்திப் பார்த்தார். பின்னறையில் மீதி நான்குகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்த அம்மாள், "யாரு?" என்று குரல் கொடுத்தார்.

"நான்தான்."

"உள்ள வாங்க. கருப்பொருள்காரரைச் சேக்கறதா வேண்டாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சேத்துக்கோ" என்றார். "இருந்துட்டுப் போறான்."

சில வாரங்கள் கழித்து மணி அடித்தது. அதே அச்சகத்து ஆள், ஒரு கட்டுப் புத்தகத்தோடு. மணியை வேண்டுமென்றே இரண்டு முறை கூடுதலாக அடித்தார். அம்மாள் புத்தகத்தை வாங்கிப் பின்பக்கத்திலிருந்து திறந்தார். பக்க வடிவமைப்பு. எதிரே அந்தப் பெயர், எழுத்து எழுத்தாக, கணவர் சொன்னதற்காகக் கொஞ்சம் பெரிதாக்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

தேவையா சார் தோளுக்குப் பின்னால் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கழுத்தில் காற்று கனத்தது. அந்தப் பக்கத்தில் ஆசிரியர், ஓவியர், பதிப்பாசிரியர், மெய்ப்புப் பார்த்தவர், அட்டைக்கு ஒருவர், உள்ளுக்கு ஒருவர் என்று ஒரு செக்‌ஷனே இருந்தது. ஒவ்வொரு பெயராக மேலிருந்து கீழ்வரை படித்தார். மனைவியின் பெயரில் கொஞ்சம் நின்றார். அம்மாள் கேள்விக்காகக் காத்திருந்தார்.

"ஒரு ஆள் குறையுதே" என்றார் தேவையா சார்.

"என்னது?"

"பென் டிரைவை வாங்கிட்டுப் போனவரு. அவர் சிவப்புல நிக்கலைன்னா இந்தப் பக்கமே கிடையாது. அவர் பேரு எங்க?"

வாசலில் நின்ற அச்சகத்து ஆள் தன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். தன் வாழ்வின் முதல் ஆள்சேர்ப்புப் பரிந்துரையைச் செய்துவிட்ட மனிதரை, அம்மாள் கண்ணாடிக்கு மேலாக நெடுநேரம் பார்த்தார்.

"எழுதிக் குடுங்க" என்றார். "அடுத்த பதிப்புல பாக்கலாம்."

அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்துவிட்டார்.